சர்வரோக நிவாரணி விற்றவர்களும் அதில் பங்கு வாங்கியவர்களும்

1909-ல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் ஒரு புத்தகம் வெளியிட்டது. விலை ஒரு ஷில்லிங். உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குச் சொல்லாமலே விற்கப்பட்ட மருந்துகளைக் கடையில் காசு கொடுத்து வாங்கி, ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்த்து, சரக்கு என்ன, அதன் அடக்கவிலை என்ன என்று மருந்து வாரியாக அச்சிட்ட புத்தகம் அது. ஆய்வுகளைச் செய்தவர் எட்வர்ட் ஹாரிசன் என்ற மருந்தியல் வேதியியலாளர். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களை விஷவாயுவிலிருந்து காத்த முகமூடியை உருவாக்கியதிலும் இவருக்குப் பெரும் பங்கு உண்டு.

அந்தப் புத்தகத்தில் பீச்சம் மாத்திரையும் இருந்தது. ஐம்பது அறுபது ஆண்டுகளாக இங்கிலாந்தில் அந்தப் பெயரைக் கேள்விப்படாத வீடு இருந்திருக்காது. ஹாரிசன் அதில் கண்டவை மூன்றே பொருள்கள். ஒன்று, நம் நாட்டு மருந்துக்கடைகளில் கரியபோளம் அல்லது மூசாம்பரம் என்று கேட்டால் கிடைக்கிற, கற்றாழைப் பாலை வற்றவைத்து உறையச் செய்த கறுப்புக் கட்டி. இரண்டாவது சுக்குத் தூள். மூன்றாவது, உருட்டிப் பிடிக்க உதவும் சோப்புத் தூள். மருந்துக் குணமுள்ள வேறு எதுவும் இல்லை. 56 மாத்திரை கொண்ட பெட்டியின் விலை ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்னி. உள்ளே இருந்த சரக்கின் விலை அரை ஃபார்த்திங். ஒரு பென்னிக்கு நான்கு ஃபார்த்திங், ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்னி. கணக்குப் போட்டால் விற்பனை விலை, சரக்கின் விலையைப் போல நூறு மடங்குக்கும் மேல்.

கரியபோளம் நல்ல பேதி மருந்து. அதில் சந்தேகமில்லை. ஆனால் பீச்சம் விளம்பரம் சொன்னது வேறு. பித்தம், நரம்புக் கோளாறு, வயிற்றில் வாயு, ஒற்றைத் தலைவலி, கிறுகிறுப்பு, குளிர் நடுக்கம், பசியின்மை, மூச்சு வாங்குதல், தோலில் தடிப்பு, தூக்கமின்மை, கெட்ட கனவு என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். கெட்ட கனவுக்குக்கூடப் பேதி மருந்து.

இதை வாங்கியவர்கள் ஏமாளிகள் என்று சொல்லி விஷயத்தை முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். எனக்கு அது சரியான விடையாகத் தோன்றவில்லை. வாங்கியவர்களுக்கு அவரவர் நிலையில் நியாயமான காரணங்கள் இருந்தன. உண்மை தெரிந்து, அதை உரக்கச் சொல்லியிருக்கக்கூடிய இடங்களில் இருந்தவர்கள்தான் சொல்லவில்லை. அந்த வியாபாரத்தின் வருமானத்தில் அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு போய்க்கொண்டிருந்தது.

வாங்கியவர்களின் பக்கம்

பீச்சம் விளம்பரத்தின் புகழ்பெற்ற வரி, 'பெட்டி ஒன்றுக்கு ஒரு கினி பெறும்' என்பது. ஒரு கினி என்றால் 21 ஷில்லிங். அந்தத் தொகையை விளம்பரக்காரர்கள் சும்மா பொறுக்கியெடுக்கவில்லை. பெரிய டாக்டர் ஒருவரை ஒருமுறை பார்க்கும் கட்டணம் என்று ஜனங்களின் மனதில் பதிந்திருந்த தொகை அது. வாரக் கூலியே ஒரு கினியைத் தொடாத ஆலைத் தொழிலாளிக்கு அந்த வாசகம் சொன்ன சேதி எளிமையானது: டாக்டரிடம் போக உன்னால் முடியாது, இதை உன்னால் வாங்க முடியும்.

சரி, முடிந்து போயிருந்தால்தான் டாக்டர் என்ன செய்திருப்பார்? விக்டோரியா அரசியான 1837-ல், முறையாகப் படித்த மருத்துவரின் கையில் இருந்தவை ரத்தக்குழாயைக் கீறி ரத்தம் எடுப்பது, அட்டை விடுவது, தோலில் கொப்புளம் எழுப்புவது, காலோமல் என்ற பாதரச உப்பைக் கொடுத்துப் பேதியாக வைப்பது. காலோமல் அதிகமானால் வாயில் எச்சில் ஊற்றெடுக்கும், பல் ஆடும், ஈறு அழுகும். காலராவுக்கு உப்பும் நீரும் போகிற உடம்பிலிருந்து மேலும் ரத்தத்தை எடுத்தார்கள். கிருமிகள்தான் நோய்க்குக் காரணம் என்பது அந்த நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில்தான் நிலைபெற்றது. யார் மருத்துவர், யார் இல்லை என்று பதிவேடு வைக்கும் சட்டமே 1858-ல்தான் வந்தது. அப்படியொரு காலத்தில் கரியபோளமும் சுக்கும் தின்று வீட்டில் படுத்திருந்தவர், டாக்டரிடம் போனவரைவிடப் பத்திரமாக இருந்த சந்தர்ப்பங்கள் நிச்சயம் உண்டு.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இந்த மருந்துகள் 'ஒன்றும் செய்யாதவை' அல்ல. அபின் கலந்த மருந்து குடித்தால் வலி போகும், இருமல் நிற்கும், வயிற்றுப்போக்கு கட்டும், தூக்கம் வரும். ரொட்டியும் தேநீரும் கொஞ்சம் கொழுப்புமாக, காய்கறி கண்ணில் படாமல் சாப்பிட்டு மலச்சிக்கலில் தவித்தவருக்குப் பீச்சம் மாத்திரை மறுநாள் காலையே பலன் காட்டும். சாராயம் கலந்த டானிக் உடம்பைச் சூடாக்கித் தெம்பு தந்ததுபோல இருக்கும். 1890-களில் கனடாவிலிருந்து கிளம்பி உலகமெங்கும் விற்ற டாக்டர் வில்லியம்ஸ் பிங்க் மாத்திரையில் இரும்புச் சத்து இருந்தது. ரத்தசோகையால் வெளுத்துப்போயிருந்த இளம்பெண்களில் சிலர் அதைத் தின்று உண்மையாகவே தேறினார்கள். தேறியவர்கள் நன்றிக் கடிதம் எழுதினார்கள். பக்கவாதமும் அதே மாத்திரையில் தீரும் என்று சொன்ன விளம்பரத்தின் அடியில் அந்தக் கடிதம் அச்சாகும். பொய்யின் பக்கத்தில் ஓர் உண்மையை வைத்து விற்கும் முறை இது.

முத்திரை, நாளேடு, அங்காடி

இப்போது பங்கு வாங்கியவர்களைப் பார்க்கலாம். முதல் பங்கு அரசாங்கத்துக்கு.

பெட்டியின் விலை ஏன் சரியாக ஒரு ஷில்லிங் என்று இல்லாமல் ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்னி என்று இருந்தது? அந்த ஒன்றரைப் பென்னி வரி. 1783-ல் முதலில் விதிக்கப்பட்ட மருந்து முத்திரை வரி அது. ஒரு ஷில்லிங் வரை விலையுள்ள தனியுரிமை மருந்துக்கு ஒன்றரைப் பென்னி, அதற்கு மேல் போகப் போக அதிகம். வரி கட்டியதற்கு அடையாளமாக, அரசு அச்சிட்டுத் தந்த முத்திரைச் சீட்டைப் பெட்டியின் மேல் ஒட்ட வேண்டும். சீட்டைக் கிழிக்காமல் பெட்டியைத் திறக்க முடியாது.

கையில் பெட்டியை வாங்கிப் பார்த்தவருக்கு அந்தச் சீட்டு எப்படித் தெரிந்திருக்கும்? அரசாங்கமே பரிசோதித்து ஒட்டிய முத்திரை போலத்தான். வியாபாரிகளும் அப்படி நினைக்கும்படியே எழுதினார்கள்: 'அரசு முத்திரை இல்லாதது போலி, ஏமாறாதீர்கள்.' பிற்காலத்தில் 'இந்த முத்திரை அரசின் உத்தரவாதம் ஆகாது' என்ற வாசகத்தைச் சீட்டிலேயே பொடி எழுத்தில் சேர்த்தார்கள். அப்புறமும் அந்தச் சீட்டின் மரியாதை குறையவில்லை.

பேட்டன்ட் மருந்து என்ற பெயர் நிலைத்துவிட்டதே தவிர, இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பேட்டன்ட் கிடையாது. காப்புரிமை வாங்க வேண்டுமானால் செய்முறையை எழுதிக் கொடுக்க வேண்டும். செய்முறை வெளியே தெரிந்தால் வியாபாரம் படுத்துவிடும். ஆகவே பெயரையும் பெட்டியின் தோற்றத்தையும் மட்டும் காத்துக்கொண்டு, உள்ளே இருப்பதை ரகசியமாக வைத்தார்கள். மறுபக்கம், செய்முறை எல்லோருக்கும் தெரிந்த சாதாரண மருந்தை மருந்துக்கடைக்காரர் விற்றால் பல சந்தர்ப்பங்களில் வரியே இல்லை. அதாவது ரகசியம் இருக்கும் இடத்தில்தான் கஜானாவுக்கு வரவு. ரகசியத்தை உடைக்கச் சொல்ல நிதித்துறைக்கு என்ன அவசரம் இருந்திருக்கும்? நூற்றாண்டு முடிந்து 1908 வாக்கில் இந்த வரி ஆண்டுக்கு மூன்று லட்சம் பவுண்டுக்கு மேல் ஈட்டித் தந்தது.

இதன் விளைவைக் காண ஜேம்ஸ் மாரிசனின் கதை போதும். தன்னை 'ஆரோக்கியவாதி' என்று அழைத்துக்கொண்ட இவர் 1825-ல் தாவரச் சர்வரோக மாத்திரை என்று ஒன்றை இறக்கினார். லண்டனில் 'பிரிட்டிஷ் ஆரோக்கியக் கல்லூரி' என்று பெரிய பெயர்ப்பலகை வைத்தார். அது கல்லூரி இல்லை, மாத்திரை விற்கும் இடம். அவர் கொள்கைப்படி எல்லா நோய்க்கும் ஒரே காரணம், கெட்டுப்போன ரத்தம். ஒரே மருந்து, உடம்பைக் கழுவித் தள்ளும் அவருடைய மாத்திரை. அதில் கரியபோளம், கடும் பேதியைத் தரும் மக்கி என்ற மரப்பிசின், பேய்த்தும்மட்டி முதலானவை இருந்தன. நோய் குறையவில்லை என்றால் மாத்திரையைக் கூட்ட வேண்டும், இன்னும் மோசமானால் இன்னும் கூட்ட வேண்டும். இருபது, முப்பது என்று கணக்கு ஏறும். பேதியால் துவண்டு கிடப்பவருக்கு மேலும் பேதி மருந்து. இதில் ஆட்கள் செத்தார்கள். 1836-ல் லண்டனில் ஒருவர் இறந்த வழக்கில், மாத்திரை விற்ற முகவர் மீது கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் நிரூபணமாகி, 200 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. மாரிசனைச் சட்டம் தொடவில்லை. மாத்திரை விற்பனையும் நிற்கவில்லை. 1830 முதல் 1840 வரையிலான பத்தாண்டுகளில் மருந்து முத்திரைக்காக மட்டும் அவர் 60,000 பவுண்டு கட்டியதாகச் சொல்வார்கள். அந்த 200 பவுண்டை இந்த அறுபதாயிரத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த பங்கு நாளேடுகளுக்கு. பத்திரிகை விளம்பரத்தின் மேல் இருந்த வரி 1853-ல் போனது, நாளேட்டு முத்திரை வரி 1855-ல், காகித வரி 1861-ல். பத்திரிகைகள் மலிந்தன, பெருகின. அவற்றின் பக்கங்களை நிரப்பியவர்களில் முன்வரிசையில் நின்றவர்கள் மருந்து விற்பவர்கள். தாமஸ் ஹாலோவே இந்த வழியை எல்லோருக்கும் முன்னால் கண்டுகொண்டவர். இத்தாலியர் ஒருவர் விற்ற களிம்பைப் பார்த்துவிட்டு, தானும் ஒரு களிம்பைத் தாயின் சமையலறைப் பாத்திரத்தில் காய்ச்சி 1837-ல் விற்பனைக்கு வைத்தார். பின்னால் மாத்திரையும் வந்தது. ஆரம்பத்தில் விளம்பரக் கடனால் சிறைக்கே போனவர், 1842-ல் விளம்பரத்துக்கு 5,000 பவுண்டு செலவிட்டார். அவர் இறந்த 1883 வாக்கில் அந்தச் செலவு ஆண்டுக்கு 50,000 பவுண்டு. சீனம், துருக்கி, அரபு, இந்திய மொழிகள் பலவற்றிலும் அவருடைய மருந்துக்கான குறிப்புகள் அச்சாயின. அந்தப் பணத்தில்தான் பெண்கள் உயர்கல்வி பெறுவதற்காக அவர் எழுப்பிய ராயல் ஹாலோவே கல்லூரி 1886-ல் விக்டோரியா அரசியின் கையால் திறக்கப்பட்டது. மனநோயாளிகளுக்கான மருத்துவமனை ஒன்றும் எழுந்தது. கல்லூரி இன்றும் லண்டன் பல்கலைக்கழகத்தின் அங்கமாக இயங்குகிறது. அந்தக் கல்லூரியில் படித்த பெண்களுக்குக் கிடைத்த நன்மை உண்மையானது. அதற்கு அடியில் கிடந்தது, வேலை செய்யாத களிம்பை ஆறாத புண்ணுக்குத் தடவிக்கொண்டு காத்திருந்தவர்களின் ஷில்லிங்குகள் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மருந்துக்கடைக்காரர்களின் பங்கைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. படித்த மருந்தாளுநர்களுக்கு இந்தப் பெட்டிகளில் என்ன இருக்கும் என்று நன்றாகவே தெரியும். ஆனால் அவர்கள் விற்காவிட்டால் பக்கத்து மளிகைக்கடை விற்கும்.

பேசாத குழந்தைகள்

இதுவரை சொன்னவை காசு போன கதைகள். உயிர் போன கதைகளில் மிக மோசமானது குழந்தைகளுக்குக் கொடுத்த மருந்து.

காட்ஃப்ரேஸ் கார்டியல் என்பது அபின், சர்க்கரைப்பாகு, தண்ணீர், வாசனைப் பொருள்கள் சேர்ந்த ஒரு திரவம். இதற்கு உரிமையாளர் என்று ஒருவர் இல்லை. ஊருக்கு ஊர், கடைக்குக் கடை அவரவர் காய்ச்சி விற்றார்கள். ஒரு கடையின் மருந்தில் இருக்கும் அபினின் அளவு அடுத்த கடையில் இராது. நேற்று வாங்கிய புட்டியும் இன்று வாங்கிய புட்டியும்கூட ஒன்றாக இராது. போதாக்குறைக்கு, புட்டி அசையாமல் நின்றால் அபின் அடியில் படியும். மேலே எடுத்த கரண்டி வெறும் பாகு. கடைசியில் எடுத்த கரண்டி ஒரு கைக்குழந்தையைக் கொல்லப் போதுமானது.

நாட்டிங்ஹாம் நகரம் லேஸ் பின்னலுக்குப் பெயர் போனது. பெண்கள் வீட்டிலேயே உட்கார்ந்து, கண் வலிக்க வலிக்க, துண்டுக்கு இவ்வளவு என்ற கூலிக்கு வேலை செய்தார்கள். 1840-களின் தொடக்கத்தில் குழந்தைத் தொழிலாளர் நிலையை விசாரித்த அரசு ஆணையத்தின் முன் அங்கே சாட்சி சொன்ன ஓர் இளம்பெண்ணின் வாக்குமூலம் பதிவில் இருக்கிறது. திருமணமாகாத தாய், வயது இருபது. குழந்தை பிறந்து ஒரு வாரத்திலேயே நாளுக்கு இரண்டு வேளை அரைத் தேக்கரண்டி காட்ஃப்ரே கொடுக்கத் தொடங்கினார். பார்த்துக்கொள்ள ஆள் வைக்கக் காசில்லை, குழந்தை அழுதால் பின்னல் நின்றுவிடும். சொட்டுச் சொட்டாகக் கூட்டி ஒரு முழுத் தேக்கரண்டிக்குக் கொண்டுபோனார். நாலு மாதத்தில் குழந்தை மெலிந்து துவண்டபோது, லாடனம் கொடுத்தால் தேறும் என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். லாடனம் என்பது சாராயத்தில் கரைத்த அபின். அரைப் பென்னிக்கு வாங்கி அதையும் கொடுத்தார். நிறுத்திப் பார்க்கப் பலமுறை முயன்றதாகவும், நிறுத்தினால் சாப்பாட்டுக்கு வழியிருக்காது என்றும் அவர் சொன்னார்.

இந்த வாக்குமூலத்தைப் படித்துவிட்டு அந்தத் தாயைக் குறை சொல்ல யாருக்கு மனம் வரும்? கூலியை அந்த அளவுக்கு வைத்தவர்களையும், அளவு எழுதாத புட்டியை விற்றவர்களையும், அதை அனுமதித்த சட்டத்தையும்தான் கேட்க வேண்டும்.

அபின் குழந்தையை எப்போதும் ஒரே நாளில் கொல்வதில்லை. மயக்கத்தில் கிடக்கும் குழந்தைக்குப் பசி தெரியாது, அழாது, பால் கேட்காது. கேட்காததால் ஊட்டப்படுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வற்றி, தோல் சுருங்கி, கிழவர் முகத்தோடு சாகும். இறப்புப் பதிவில் 'பலவீனம்' என்றோ 'சத்துக்குறைவு' என்றோ எழுதுவார்கள். ஆகவே அபினால் இறந்த குழந்தைகள் எத்தனை என்று அந்தக் காலத்து ஏடுகளைப் பார்த்துச் சரியான எண் சொல்ல வழியில்லை. விஷத்தால் என்று எழுதப்பட்ட இறப்புகள், நடந்தவற்றில் ஒரு துண்டு மட்டுமே.

அமெரிக்காவில் 1849-ல் தொடங்கிய மிசஸ் வின்ஸ்லோஸ் சூதிங் சிரப் இதே வகை, இன்னும் அழகான பெட்டியில். ஒரு திரவ அவுன்ஸுக்கு 65 மில்லிகிராம் மார்ஃபின். பல் முளைக்கும் குழந்தைக்கு என்று சொல்லி விற்றார்கள். விளம்பர அட்டையில் சிரித்த முகத்தோடு தாயும் சேயும்.

பிரிட்டனில் 1868-ல் மருந்தகச் சட்டம் வந்தது. அபினைப் பதிவுபெற்ற மருந்தாளுநர்தான் விற்க வேண்டும், புட்டியில் 'விஷம்' என்று எழுத வேண்டும். அதற்குப் பின் குழந்தைகளின் அபின் மரணப் பதிவுகள் குறைந்தன. ஒரு சட்டத்தால் இவ்வளவு முடியும் என்றால், முன்பே ஏன் செய்யவில்லை என்ற கேள்வி நெஞ்சை உறுத்துகிறது. ஆனால் அந்தச் சட்டத்திலும் ஓர் ஓட்டை விட்டிருந்தார்கள். பேட்டன்ட் மருந்துகளுக்கு விலக்கு. அதே அபின், அதே அளவு. முத்திரை ஒட்டிய புட்டிக்குள் இருந்தால் அது விஷம் இல்லை என்று ஆகிவிட்டது.

இந்த ஓட்டையில் செழித்தவற்றில் குளோரோடைன் முக்கியமானது. இதன் பிறப்பிடம் இந்தியா. பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் ஜான் காலிஸ் பிரவுன், 1848-ல் இங்கே பணியில் இருந்தபோது காலராவுக்கென்று கலந்த மருந்து அது. லாடனம், குளோரோஃபார்ம், கஞ்சாச் சாறு மூன்றும் சேர்ந்தது. 1856-ல் டேவன்போர்ட் என்ற லண்டன் மருந்து வியாபாரியோடு கூட்டுச் சேர்ந்து அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். காலராவைத் தீர்க்காவிட்டாலும் வயிற்றுப்போக்கை அது நிறுத்தும், வலியைப் போக்கும். பழகினால் விட முடியாது. ஓயாமல் குடித்து, வீடு நிறையக் காலிப் புட்டிகளோடு இறந்து கிடந்தவர்கள் பற்றிய மரண விசாரணைகள் மீண்டும் மீண்டும் நடந்தன. கடைசியில் அரசே டேவன்போர்ட்டின் மேல் வழக்குப் போட்டது. அபின் போன்ற விஷப் பட்டியல் பொருளைக் கொண்ட மருந்து பேட்டன்ட் என்ற பெயரில் இருந்தாலும் சட்டத்துக்கு உட்பட்டதே என்று 1892-ல் தீர்ப்பாயிற்று. 1868-க்கும் 1892-க்கும் இடையில் 24 ஆண்டுகள்.

வெட்கத்தையும் பயத்தையும் விற்றவர்கள்

ரகசிய மருந்துக்கு மிகவும் தோதான வாடிக்கையாளர், வெளியே சொல்ல முடியாத துன்பம் உள்ளவர். மேகநோய், ஆண்மைக் கவலை, வேண்டாத கர்ப்பம். 'பெண்களுக்கு ஏற்படும் எந்தத் தடையையும் நீக்கும்' என்று நாளேடுகளில் வந்த விளம்பரத்துக்கு என்ன பொருள் என்று படித்த எல்லாப் பெண்களுக்கும் தெரியும். கருக்கலைப்பு குற்றம் என்பதால் மருந்து பலிக்காவிட்டாலும் புகார் சொல்ல முடியாது. 1898-ல் லண்டனில் கிரைம்ஸ் என்ற மூன்று சகோதரர்கள் இதை அதன் கடைசி எல்லைக்கே கொண்டுபோனார்கள். முதலில் மாத்திரை விளம்பரம் செய்து, தபாலில் வரவழைத்த ஆயிரக்கணக்கான பெண்களின் பெயர், முகவரிகளைச் சேர்த்தார்கள். பிறகு அந்தப் பெண்களுக்கே, நீ செய்தது குற்றம், இரண்டு கினி அனுப்பாவிட்டால் காட்டிக்கொடுப்போம் என்று மிரட்டல் கடிதம் எழுதினார்கள். பயந்துபோய்ப் பணம் அனுப்பியவர்கள் ஏராளம். சகோதரர்கள் மாட்டிச் சிறைக்குப் போனார்கள். அவர்களுடைய விளம்பரங்களை வாங்கிப் போட்ட பத்திரிகைகளுக்குத் தண்டனை எதுவும் இல்லை.

பயத்தை விற்ற கதைகளில், நம் ஊர்ச் சட்டக்கல்லூரி மாணவர் ஒவ்வொருவருக்கும் தெரிந்த ஒன்று உண்டு. 1889-ல் தொடங்கிய இன்ஃபுளுவென்சா கொள்ளைநோய் அலை அலையாக ஐரோப்பாவைத் தாக்கிக்கொண்டிருந்தது. ரப்பர் பந்துக்குள் கார்பாலிக் பொடியை அடைத்து, மூக்கருகில் வைத்து அமுக்கி உறிஞ்சும் 'கார்பாலிக் ஸ்மோக் பால்' என்ற ஒன்று லண்டனில் விற்பனைக்கு வந்தது. விலை 10 ஷில்லிங். சொன்னபடி இரண்டு வாரம் உபயோகித்தும் யாருக்காவது இன்ஃபுளுவென்சா வந்தால் 100 பவுண்டு தருகிறோம், எங்கள் நேர்மைக்கு அடையாளமாக வங்கியில் 1,000 பவுண்டு போட்டிருக்கிறோம் என்று 1891 நவம்பரில் விளம்பரம் வந்தது. லூயிசா கார்லில் என்ற பெண்மணி நம்பி வாங்கினார். நவம்பர் 20 முதல் நாளுக்கு மூன்று வேளை தவறாமல் உறிஞ்சினார். 1892 ஜனவரி 17-ல் அவருக்கு இன்ஃபுளுவென்சா வந்தது. அதற்கு மூன்று நாள் முன்னால்தான் அரசியின் பேரன் இளவரசர் ஆல்பர்ட் விக்டரே அந்தக் காய்ச்சலில் இறந்திருந்தார். ஊர் எவ்வளவு மிரண்டிருந்தது என்பதை அதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

கம்பெனி பணம் தர மறுத்தது. விளம்பரம் வெறும் பேச்சு, அது ஒப்பந்தம் ஆகாது என்று வாதாடியது. நீதிபதிகள் லிண்ட்லி, போவன், ஸ்மித் மூவரும் அதை ஏற்கவில்லை. வங்கியில் பணம் போட்டிருக்கிறோம் என்று எழுதியவர் பிறகு விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்ல முடியாது என்றார்கள். உலகத்துக்கே பொதுவாக வைத்த வாக்கையும், நிபந்தனையை நிறைவேற்றிய ஒருவர் ஏற்றுக்கொள்ள முடியும் என்பது இந்த வழக்கால் நிலைபெற்றது. ஒப்பந்தச் சட்ட வகுப்புகளில் இன்றும் இதைக் கொண்டாடுவதற்கு அதுவே காரணம். ஆனால் மருந்து வியாபாரத்தின் பக்கம் நின்று பார்த்தால், தோற்ற கம்பெனி அடுத்து செய்ததுதான் கவனிக்க வேண்டியது. 1893-ல் புது விளம்பரம் கொடுத்தார்கள். பரிசு இப்போது 200 பவுண்டு, நிபந்தனைகள் இறுக்கமாக. பல்லாயிரம் பந்துகள் விற்றும் மூன்றே பேர்தான் பரிசு கேட்டார்கள் என்று, தோற்ற வழக்கையே மருந்தின் திறமைக்குச் சான்றாக எழுதினார்கள். அந்தப் பந்து காய்ச்சலைத் தடுக்குமா என்ற கேள்வியை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை. ஒப்பந்தத்தை மீறினால் சட்டம் வரும். மருந்து பொய் என்றால் வராது.

இந்தச் சந்தையிலிருந்து நம் வீடுகளுக்கு வந்து தங்கிவிட்டவையும் உண்டு. நியூகாசில் மருந்துக்கடைக்காரர் ஜேம்ஸ் கிராஸ்லி ஈனோ விற்ற பழ உப்பு ஒன்று. அந்தக் கால விளம்பரத்தில் அது காய்ச்சல்களையும் ரத்தக் கேட்டையும் தடுப்பதாகச் சொல்லப்பட்டது. இன்று நெஞ்செரிச்சலுக்கு மட்டும். இன்னொன்று, பாட்டி, அம்மா, மகள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லும் விளம்பரத்தால் தமிழர் எல்லோருக்கும் தெரிந்த உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர். வில்லியம் உட்வர்ட் அதை 1851-ல் செய்தது, அபின் புட்டிகள் குழந்தைகளைத் தின்றுகொண்டிருந்த அதே நாட்டிங்ஹாமில். சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, கொஞ்சம் சாராயம். அபின் இல்லை. அந்த ஊரில், அந்தக் காலத்தில், அழுகிற குழந்தைக்கு அபின் இல்லாத ஒரு புட்டி கடையில் கிடைத்தது என்பதே சின்ன விஷயமல்ல. சாராயத்தை எடுக்க 1990-கள் வரை ஆயிற்று.

வெள்ளைக்காரர் மருந்துகளோடு இங்கே தயாரானவையும் சேர்ந்து, இந்தியச் சந்தையும் இதே வழியில்தான் நிரம்பியது. போலி மருந்துகள் குவிந்து கிடப்பதை 1931-ல் சோப்ரா குழு அறிக்கையாகக் கொடுத்தது. 1940-ல் மருந்துச் சட்டம் வந்தது. குறிப்பிட்ட நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதையே தடுக்கும் சட்டம் 1954-ல் வந்தது.

ரகசியம் உடைந்த விதம்

மறுபடியும் 1909-க்கு வருகிறேன். ஹாரிசனின் ஆய்வுகளைத் தாங்கிய புத்தகத்தை விளம்பரப்படுத்த மருத்துவச் சங்கம் முயன்றபோது, காசு கொடுத்தும்கூடப் பல நாளேடுகள் அந்த விளம்பரத்தை வாங்க மறுத்தன. எந்தப் பணத்தை இழக்க அவை அஞ்சின என்பது வெளிப்படை. அப்படியும் புத்தகம் பல்லாயிரம் பிரதிகள் விற்றது. 1912-ல் இரண்டாம் தொகுதி வந்தது. அதே ஆண்டு நாடாளுமன்றம் பேட்டன்ட் மருந்துகளை விசாரிக்க ஒரு குழுவை அமைத்தது. பீச்சம் குடும்பத்தின் ஜோசப் பீச்சம் உட்பட வியாபாரிகளும், மருத்துவர்களும், அதிகாரிகளும் சாட்சி சொன்னார்கள். குழுவின் முடிவு கடுமையானது: பட்டியலிட்ட விஷம் கலக்காத வரையில் எந்தக் கலவையையும் எந்த நோய்க்கும் மருந்து என்று விளம்பரம் செய்து, இல்லாத டாக்டரின் கையெழுத்தையும் போலிச் சான்றிதழையும் போட்டு, சிறிய முத்திரை வரியைக் கட்டிவிட்டு, ஜனங்கள் எவ்வளவு தருவார்களோ அவ்வளவுக்கு விற்கலாம், பிரிட்டிஷ் சட்டம் அதைத் தடுக்கச் சக்தியற்றது என்று எழுதினார்கள்.

அந்த அறிக்கை வெளியான தேதி 1914 ஆகஸ்ட் 4. பிரிட்டன் ஜெர்மனியின் மேல் போர் அறிவித்த நாள். அறிக்கை அப்படியே அலமாரிக்குப் போனது.

பிறகு துண்டு துண்டாகத்தான் நடந்தது. மேகநோய்க்கு மருந்து விளம்பரம் செய்வது 1917-ல் தடைசெய்யப்பட்டது, புற்றுநோய்க்கு 1939-ல். இடையில் பீச்சம் கம்பெனி கைமாறி, ஆய்வுக்கூடங்கள் கட்டி, வேறொரு நிறுவனமாக மாறத் தொடங்கியிருந்தது. 1957-ல் அதன் விஞ்ஞானிகள் பெனிசிலினின் மூலக்கருவைத் தனியே பிரித்தெடுத்தார்கள். ஆம்பிசிலினும் அமாக்சிசிலினும் அங்கிருந்துதான் வந்தன.

ஒவ்வொரு மருந்துப் பெட்டியிலும் உள்ளே இருப்பதை எழுதியாக வேண்டும் என்ற கட்டாயம் 1941-ல், இன்னொரு உலகப் போரின் நடுவில், மருந்தக மற்றும் மருந்துகள் சட்டத்தால் வந்தது. காசநோய், நீரிழிவு, வலிப்பு, பக்கவாதம் முதலியவற்றுக்குப் பொதுமக்களிடம் மருந்து விளம்பரம் செய்வதையும் அது தடுத்தது. 1783 முதல் வசூலாகி வந்த மருந்து முத்திரை வரியை ஒழித்ததும் அதே சட்டம்தான்.